பதினாறு மணி நேரத் தந்தி
1858-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் அடியில் போட்ட முதல் கம்பி வழியே சென்ற அச்செய்தியில் நூறு வார்த்தைகள்கூட இல்லை. ஆயினும் அது அக்கரை சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது!

மின்சாரம் நொடியில் பாயும் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம் இதற்கு என்ன சமாதானம் சொல்வது? நீண்ட கடற்கம்பி மின்சாரத்தைத் தன்னிடமே சற்றுத் தேக்கிக் கொள்கிறது. ஒரு குறி வடியுமுன் அடுத்தது வந்து சேர, இரண்டும் கலங்கிப் போகின்றன. நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்ஸன் முன்பே கணக்கிட்டிருந்தார்.

கம்பெனியின் மின்சார நிபுணர் வொயிட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. பலத்த மின்னழுத்தத்தால் குறிகளை உந்தித் தள்ள முயன்றார். முன்பே பழுதுற்றிருந்த கம்பி சில வாரங்களில் அடியோடு ஊமையாயிற்று.

தாம்ஸனோ செம்புக் கம்பியைப் பருமனாக்க வேண்டும் என்றார். சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் அசைவால் மிக மெல்லிய மின்னோட்டத்தையும் அறியும் கருவியை அமைத்தார். 1866-இல் போட்ட புதுக் கம்பியில் நிமிஷத்துக்குச் சுமார் 8 வார்த்தைகள் சென்றன.

செவி கூர்மையானால் கூச்சல் வேண்டியதில்லை. வகுப்பில் தொண்டை வறளக் கத்தும் நம் போன்ற உபாத்தியாயர்களுக்கும் இது ஏற்ற பாடமே!