சுக்கிரன் கல்லும் நல்லெண்ணெயும்

"சுக்கிரனுக்கு வைரம் போடுங்க, முடியாட்டி ஓப்பல் போட்டாப் போதுமுங்க." பெருந்துறைப் பக்கம் ஜாதகம் பார்த்துவிட்டு வருபவர்கள் பலர் கேட்டிருக்கும் வார்த்தை இது. குழப்பம் கடையில்தான் ஆரம்பிக்கும். ஒரே அளவில் இரண்டு கல். ஒன்று சில நூறு ரூபாய், மற்றொன்று பல ஆயிரம். ஏன் என்று கேட்டால் "அது ஒரிஜினலுங்க" என்பதற்கு மேல் பதில் வராது.

கல் நமக்குப் புதிதல்ல. பெருந்துறை வட்டத்து நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல்தான் பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் என்பார்கள். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் பெரில், பளிங்கு (குவார்ட்ஸ்), அமெதிஸ்ட், கார்னீலியன் எனக் கல்மணிகளும், அரைகுறையாக வேலை நடந்த கற்களும் கிடைத்தன. பெரில் பக்கத்துப் படியூரிலேயே விளைந்தது. அந்தப் பட்டியல்களில் ஓப்பலை நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, ஓப்பல் இந்தியாவிலிருந்து வருவதாகவே எழுதினார். ரோமாபுரிக்குப் போன ஓப்பல் பெரும்பாலும் இன்றைய ஸ்லோவாக்கியா மலைகளில் வெட்டியது என்பது இப்போதைய கணிப்பு. இந்தியர்கள் கண்ணாடியில் போலி ஓப்பல் செய்வதில் கெட்டிக்காரர்கள் என்றும் பிளினி சேர்த்திருக்கிறார். அதற்குக் கோபப்படலாம், கொஞ்சம் பெருமையும் படலாம்.

சரி, விலை வித்தியாசத்துக்கு வருவோம். வைரமும் நீலக்கல்லும் படிகங்கள். ஓப்பல் படிகமல்ல, சிலிக்காவும் தண்ணீரும் சேர்ந்து இறுகியது. எடையில் 3 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் இருப்பது சாதாரணம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள், சந்தையில் எலுமிச்சை அடுக்கியதுபோல் ஒரே அளவில் ஒழுங்காக அமைந்தால்தான் ஒளி சிதறி, கல்லைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், ஓர் உருண்டையின் அளவு அதில் 150 முதல் 300 பங்குதான். 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன சங்கதி இது. சின்ன உருண்டை நீலம் காட்டும். சிவப்புக்குப் பெரிய உருண்டை வேண்டும். சிவப்பு அபூர்வம், ஆகவே விலை அதிகம். உருண்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் நிறமே ஆடாது. அது வெறும் சாதா ஓப்பல்.

அடுத்தது பின்னணி. கரும்பலகையில் சுண்ணக்கட்டி எடுப்பாகத் தெரிவதுபோல், கறுத்த கல்லில் நிறம் பளிச்சிடும். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜ் கருப்பு ஓப்பலுக்கு முதல் மரியாதை. கூபர் பீடியில் கிடைக்கும் வெள்ளை ஓப்பல் அதற்குக் கீழே. குவீன்ஸ்லாந்தின் போல்டர் ஓப்பல் பழுப்புப் பாறையோடு ஒட்டியபடியே வெட்டப்படுவது. மெக்சிகோவின் ஃபயர் ஓப்பல் ஆரஞ்சு நிறம். நிறம் ஆடாவிட்டாலும் அந்த உடல் நிறத்துக்காகவே விலை போகும்.

2008 வாக்கில் எத்தியோப்பியாவின் வோலோ பகுதி ஓப்பல் சந்தைக்கு வந்தது. அழகு அதிகம், விலை குறைவு. ஆனால் அதில் பெரும்பாலானவை தண்ணீரைக் குடிக்கும் கற்கள். நனைந்தால் கண்ணாடிபோல் ஆகி நிறம் மறையும். உலர்ந்தால் பொதுவாகத் திரும்பும். தண்ணீரைக் குடிப்பது எண்ணெயையும் சாயத்தையும் குடிக்காதா? புகையூட்டிக் கருப்பாக்கி விற்பதும் உண்டு.

ஏமாற்றம் அதிகம் நடப்பது ஒட்டுக்கல்லில்தான். மெல்லிய ஓப்பல் சில்லுக்கு அடியில் கருப்புக் கல் ஒட்டினால் டப்ளெட். மேலே பளிங்கு மூடியும் போட்டால் டிரிப்ளெட். சொல்லி விற்றால் தப்பில்லை. முழுக்கல் விலைக்கு விற்றால் மோசடி. மோதிரத்தில் பதித்த பிறகு பக்கவாட்டு ஒட்டுக்கோடு மறைந்துவிடும். எனவே கல்லைத் தனியாகக் கையில் வாங்கிப் பாருங்கள்.

நம் காங்கேயத்து மூன்ஸ்டோனை ஓப்பலோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அது ஃபெல்ட்ஸ்பார் வகை. அதில் பல நிறம் ஆடாது, நிலா வெளிச்சம்போல ஒரே ஒளி நகரும். ஓப்பலைட் என்று விற்பது பெரும்பாலும் வெறும் கண்ணாடி. கருப்புத் துணிமேல் நீலமாகவும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சாகவும் தெரியும். போலியை வெயிலில் பிடித்துப் பார் என்று பிளினி சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஓப்பல் வெயிலையும் ஏமாற்றும். விலை கூடுதலென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துச் சான்று கேளுங்கள். முழுக்கல்லா, ஒட்டா, எந்த நாடு, சாயமோ புகையோ ஏற்றியதா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

போட்டபிறகும் கவனம் வேண்டும். ஓப்பல் பளிங்கைவிடக் கடினம் குறைந்த கல். கடும் உலர்வெப்பத்தில் நுண்விரிசல் விடலாம். எத்தியோப்பியக் கல் என்றால், சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்க்கும் முன் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.