திரைப்பட விழாவில் அப்படி என்னதான் இருக்கிறது?

“சினிமா” என்ற சொல் நம் இல்லங்களில் பெரும்பாலும் கண்டிப்போடுதான் ஒலிக்கிறது. தேர்வு நெருங்கும்போது முதலில் தடை செய்யப்படுவது சினிமா. மதிப்பெண் குறைந்தால் முதலில் பழி சுமப்பதும் சினிமாவே. அந்தப் பழியில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உலகின் பல நகரங்களில் ஆண்டுதோறும் ஒரு விந்தையைக் காணலாம். காலை ஒன்பது மணிக் காட்சிக்கு எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடுகிறது. திரையிடப்படும் படத்தில் அவர்கள் அறிந்த நட்சத்திரம் ஒருவரும் இல்லை. பாட்டில்லை, சண்டையில்லை. பேசப்படும் மொழியோ பாரசீகம், அல்லது ஜப்பானியம். இதற்காக அலுவலகத்தில் விடுப்பு எடுத்து வந்தவர்களும் உண்டு; வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் உண்டு. ஒரே நாளில் நான்கு படங்கள், ஐந்து படங்கள் என்று பார்த்துவிட்டு, மறுநாளும் வந்து நிற்கிறார்கள். இவர்களை இழுக்கும் காந்தம் எது?

திரைப்பட விழாவைப் படங்களின் சந்தை என்று எண்ணிவிடக் கூடாது. பல நாடுகளிலிருந்து வரும் படங்களை ஒரு குழுவினர் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரமோ பத்து நாட்களோ பல அரங்குகளில் காட்டுவது விழா. சில படங்கள் பரிசுப் போட்டிக்கு. சில பார்வைக்கு மட்டும். மறைந்த மேதை ஒருவரின் படங்களை வரிசையாகக் காட்டுவதும் உண்டு. இவ்வகையில் உலகிலேயே மூத்தது 1932-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் தொடங்கிய விழா. முசோலினியின் ஆட்சி அதில் தலையிடவே, பிரான்சு தனியாக கான் நகரில் ஒரு விழா நடத்த முடிவு செய்தது. குறித்த நாள் 1939 செப்டம்பர் 1. அன்றுதான் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது! விழா நின்றது. போர் முடிந்து 1946-இல்தான் முதல் கான் விழா நடந்தது. 1940-இல் பிரான்சின்மீது போர் தொடுத்த இத்தாலியின் படம் ஒன்று அவ்விழாவில் பிரான்சு மண்ணிலேயே உயர்ந்த பரிசைப் பகிர்ந்துகொண்டது. ரோசெல்லினியின் ‘ரோம் ஓப்பன் சிட்டி’ அது. அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட மற்றொரு படம் நம் நாட்டுச் சேதன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ என்பதை நம்மில் பலர் அறியோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. ஆசியாவிலேயே அதுதான் முதல் விழா என்பர். பம்பாயோடு நில்லாமல் அது சென்னை, டில்லி, கல்கத்தா என்று பயணம் செய்தது. ஏறத்தாழ 40 முழுநீளப் படங்களும் 100 குறும்படங்களும் காட்டப்பட்டன. நம் சென்னையில் தயாரான ‘பாதாள பைரவி’யும் அவற்றுள் ஒன்று. அதற்கு முன் நம்மவர் கண்ட வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் ஹாலிவுட்டிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவையே. இத்தாலியிலும் ஜப்பானிலும் மக்கள் எப்படிப் படம் எடுக்கிறார்கள் என்பதை அறிய அன்று வேறு வழி ஏது?

அவ்விழாவில் வந்த படங்களுள் ஒன்று விட்டோரியோ டி சிக்கா 1948-இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’. கதை மிக எளியது. போருக்குப் பிந்திய ரோம் நகரில் வேலையின்றித் திரியும் அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சொந்தமாகச் சைக்கிள் வேண்டும். அதுவோ அடகுக் கடையில் இருக்கிறது. அவன் மனைவி மரியா கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவி, துவைத்து, மூட்டை கட்டி அடகுக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரர் அந்த மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைக்கும் காட்சி ஒன்று உண்டு. கூரை வரை அடுக்கடுக்காக மூட்டைகள்! ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் படுக்கை விரிப்பு. வசனம் எதுவுமின்றி ஒரு நகரத்தின் வறுமை முழுவதும் நம் கண்முன் வந்துவிடுகிறது. அடகுச் சீட்டு என்றால் என்னவென்று அறிந்த நம் தாய்மாருக்கு அந்தக் காட்சியை விளக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

வேலைக்குச் சென்ற முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது. ஏணியில் நின்று அன்டோனியோ அப்போது ஒட்டிக்கொண்டிருந்தது ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் சுவரொட்டி. (இயக்குநர் குறும்புக்காரர்தான்!) மறுநாள் ஞாயிறு. அன்டோனியோவும் அவனுடைய சிறு மகன் புரூனோவும் ரோம் நகரத் தெருத்தெருவாக அலைகிறார்கள். மழைக்கு ஒதுங்கும்போது அருகில் வெளிநாட்டுக் குருமாணவர் கூட்டம் ஒன்றும் வந்து ஒதுங்குகிறது. கோயிலுக்குள்ளும் தேடல் தொடர்கிறது. சைக்கிள் கிடைக்கவில்லை. மாலையில் மனமுடைந்த தந்தை, கேட்பாரற்று நின்ற மற்றொருவனின் சைக்கிளைத் தானே எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்து, பிடிபடுகிறான். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூட்டம் அடிக்கிறது, ஏசுகிறது. சைக்கிளுக்குரியவர் அழும் சிறுவனைப் பார்த்துவிட்டு, “போகட்டும்” என்று விட்டுவிடுகிறார். தலை குனிந்து நடக்கும் தந்தையின் கையைச் சிறுவன் பற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் படம். அன்டோனியோவாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. புரூனோவாக நடித்த சிறுவன் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் இயக்குநர் கண்ணில் பட்டவன்.

இப்படம் நம் நாட்டில் விதைத்த விதை வீண் போகவில்லை. விழாவில் இதைக் கண்ட பிமல் ராய், 1953-இல் ‘தோ பீகா ஜமீன்’ என்ற இந்திப் படத்தைத் தந்தார். கடனில் மூழ்கிய நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குச் சென்று ரிக்ஷா இழுக்கும் உழவனின் கதை அது. இங்கும் தந்தையும் மகனும். அது 1954-இல் கான் விழாவில் பரிசு பெற்றது. ரோமாபுரியில் எழுந்த ஒரு குரலுக்கு வங்கத்து உழவன் மறுமொழி சொன்னான் எனலாம்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. வீணை வித்துவான் எஸ். பாலசந்தரை இசையுலகம் அறியும். அவர் திரைப்பட இயக்குநரும்கூட. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’ என்ற ஜப்பானியப் படத்தை அவர் ஒரு திரைப்பட விழாவில் கண்டார். ஒரே கொலையை நால்வர் நான்கு விதமாகச் சொல்ல, உண்மை எது என்று நம்மைத் திகைக்க வைக்கும் படம் அது. அந்தத் தாக்கத்தில் பிறந்ததே 1954-இல் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’ என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் கூறுவர். அதன் கதையமைப்பு ஓர் ஆங்கிலப் படத்துக்கே நெருக்கமானது என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியாயினும், சிவாஜி கணேசன் நடித்த அந்தப் படத்தில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. இருபது, முப்பது பாட்டுகளோடு படங்கள் வந்த காலத்தை அடுத்து இத்துணிவு எங்கிருந்து வந்தது? பாட்டில்லாமலும் படம் நிற்கும் என்பதை யாரோ ஒருவர் எங்கோ கண்ணால் கண்டிருக்க வேண்டுமல்லவா?

‘ராஷோமான்’ உலகறிந்த கதையும் சுவையானது. அதைத் தயாரித்த நிறுவனத்துக்கே அதை வெனிஸ் விழாவுக்கு அனுப்பத் தயக்கம். ஜப்பானில் ஆசிரியப் பணி செய்துவந்த ஜூலியானா ஸ்திராமிஜொலி என்ற இத்தாலியப் பெண்மணிதான் வற்புறுத்திப் பரிந்துரைத்தார். குரோசாவாவுக்கோ படம் அனுப்பப்பட்ட செய்தியே தெரியாது. அடுத்த பட வாய்ப்பும் கை நழுவிய சோர்வில் ஒரு நாள் அவர் மீன் பிடிக்கச் சென்றார். தூண்டில் நூல் அறுந்துபோக, வெறுங்கையோடு வீடு திரும்பினார். வாசலிலேயே மனைவி வாழ்த்துக் கூறினார்: 1951-ஆம் ஆண்டின் வெனிஸ் தங்கச் சிங்கம் ‘ராஷோமானுக்கு’! ஓர் ஆசிரியையின் பிடிவாதம் ஒரு நாட்டின் திரைக்கலையை உலகுக்குக் காட்டியது என்பதை, ஆசிரியை என்ற முறையில், சற்றுப் பெருமையோடுதான் இங்கு எழுதுகிறேன்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கும் இதே போன்ற நிலைதான். 1956-இல் கான் விழாவில் அது வசதியற்ற நேரத்தில் திரையிடப்பட்டதால், நடுவர்களிலேயே சிலர் வரவில்லை. பார்த்த விமரிசகர்கள் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் காட்டும்படி வற்புறுத்தினார்கள். காட்டப்பட்டது. ‘சிறந்த மனித ஆவணம்’ என்ற பரிசும் கிடைத்தது. நம்மைப் போன்றோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அதே விழாவில் சர்வதேசக் கத்தோலிக்கத் திரைப்பட அலுவலகமும் அப்படத்துக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. வங்கக் கிராமத்து ஏழைப் புரோகிதர் குடும்பத்தின் கதையில் போற்றத்தக்க மனித மாண்பைத் திருச்சபையின் நடுவர்கள் கண்டுகொண்டார்கள்.

“இதற்கெல்லாம் விழா எதற்கு? எல்லாப் படமும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறதே!” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான், 1952-இல் கிடைக்காதது இன்று உள்ளங்கையில் கிடைக்கிறது. ஆனால் கைப்பேசி நாம் நேற்று பார்த்ததைக் கணக்கு வைத்துக்கொண்டு, இன்றும் அதைப் போன்றதையே நீட்டுகிறது. சிரிப்புப் படம் பார்த்தவளுக்கு மேலும் பத்துச் சிரிப்புப் படங்கள்! விழாவிலோ நாம் கேட்டேயிராத நாட்டின் படம் நம்முன் வந்து நிற்கிறது. பத்து நிமிடத்தில் சலித்தாலும் எழுந்து போக மனம் வராது. பக்கத்தில் இருப்பவர்கள் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படிப்பதா, முகங்களைப் பார்ப்பதா என்று முதலில் தடுமாறுவோம். அரை மணியில் கண் பழகிவிடும். படம் முடிந்ததும் அதை எடுத்தவரே மேடையேறி, கேள்விகளுக்கு விடை சொல்வதும் உண்டு. வெளியே தேநீர் குடித்தபடி முன்பின் அறியாதவர்கள், “அந்தக் கிழவி ஏன் கதவைத் திறக்கவில்லை?” என்று வாதாடிக்கொள்வார்கள். இந்த வாதத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, டிசம்பர் மாதங்களில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள விழாவின் கூட்டம் இவ்வகையில் பேர் பெற்றது. சென்னையிலும் 2003 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வருகிறது.

பெற்றோருக்கு ஒரு விளக்கம். விழாப் படங்கள் எல்லாம் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. இந்தியாவில் விழாக்களில் திரையிடப்படும் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. அதனால் பதிவு செய்த, பொதுவாகப் பதினெட்டு வயது நிறைந்த பார்வையாளரையே அனுமதிப்பார்கள். இது நல்ல ஏற்பாடே. ஆகவே நம் மாணவியர் உடனே வரிசையில் போய் நிற்க வழியில்லை. ஆயினும் அஞ்சி ஒதுங்குவது மட்டுமே நம் திருச்சபையின் வழியாக இருந்ததில்லை. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936-இல் திரைப்படம் பற்றி எழுதிய சுற்றுமடலில் தீய படங்களைக் கடுமையாக எச்சரித்தார். நல்ல படங்களின் ஆற்றலையும் அதிலேயே எடுத்துச் சொன்னார். அதற்கு முன்பே, 1928-இல், மேலே சொன்ன கத்தோலிக்கத் திரைப்பட அலுவலகம் தோன்றிவிட்டது. 2001-இல் அது சிக்னிஸ் என்ற அமைப்பில் இணைந்தது. கான் விழாவில் 1974 முதல் கத்தோலிக்கரும் பிற கிறிஸ்தவ சபையினரும் ஒன்றாக நடுவர் குழுவாக அமர்ந்து, ஆண்டுதோறும் ஒரு படத்துக்குப் பரிசளிக்கிறார்கள். திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், நாம் மேலே பேசிய ‘சைக்கிள் திருடர்கள்’ இடம்பெற்றுள்ளது. அட்டன்பரோவின் ‘காந்தி’யும் உண்டு.

கனடாவில் பிறந்த காஸ்டன் ரொபேர்ஜ் என்ற இயேசு சபைக் குருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-இல் இந்தியாவுக்குப் புறப்படும் முன் நியூயார்க்கில் அவர் ராயின் அப்பு படங்கள் மூன்றையும் பார்த்தார். தாம் சேவை செய்யப்போகும் வங்கத்து மக்களை முதன்முதலில் அவர் அறிந்தது திரையில்தான். 1970-இல் கல்கத்தாவில் ‘சித்ரபாணி’ என்ற நிலையத்தை நிறுவி, படத்தை எப்படிப் பார்ப்பது என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ராயின் நண்பருமானார். 2020-இல் கல்கத்தாவிலேயே இறைவனடி சேர்ந்தார்.

பதினெட்டு வயது வரை காத்திருக்க மனமில்லாத மாணவியருக்கு ஒரு யோசனை உண்டு. தலைமையாசிரியை அருட்சகோதரியின் அனுமதி வேண்டும். நம் பள்ளி அரங்கில் வெண்திரை இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று நல்ல படங்களை ஆசிரியைகள் தேர்ந்தெடுத்துக் காட்டி, முடிந்ததும் அரை மணி நேரம் மாணவியரைப் பேசவிட்டால், அதுவும் ஒரு சிறிய விழாதான். ‘சைக்கிள் திருடர்கள்’ ஓடும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. நம் கால அட்டவணைப்படி இரண்டு பாடவேளை.