கான்பூர் ரிவால்வர் அவ்வளவு மட்டமா?

கைத்துப்பாக்கி என்றதும் "பாரின் சரக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். "கான்பூர்" என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

1980-களின் நடுவிலிருந்து சாதாரண ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய வழி அடைபட்டுப் போனது. அதனால் தாத்தா காலத்து பாரின் துப்பாக்கிக்கும் யானை விலை!

ஆனால் கான்பூர் அரசு தொழிற்சாலையின் பாயிண்ட் 32 ரிவால்வர் லேசுப்பட்டதல்ல. இங்கிலாந்தின் "வெப்ளி"யைப் பார்த்துச் செய்தது. 6 தோட்டா போடலாம். நடுவில் மடக்கினால் காலித் தோட்டாக்கள் மொத்தமாக வெளியே வந்துவிடும்.

ஒரு தோட்டா வெடிக்காமல் போச்சுன்னா? மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா சுழன்று வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படி நடக்காது. மேல்பாகத்தைக் கையால் பின்னுக்கு இழுத்து, வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். திருடன் எதிரே நிற்கும்போது அதற்கு ஏது நேரம்?

குறையும் உண்டு. விசை கனம். குழல் குட்டை. தூரத்தில் குறி தப்பும்.

இதே கான்பூரிலிருந்து 2014-ல் பெண்களுக்கென்று "நிர்பீக்" வந்தது. எடை அரை கிலோதான். கைப்பையில் அடங்கும். எடை குறைந்தால் உதைப்பு கூடும், அது வேறு விஷயம். விலை அன்றைக்கே 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! பஸ்சில் வேலைக்குப் போகிற பெண் இதற்கு எங்கே போவாள்?

லைசென்சு இல்லாமல் எதையும் தொட முடியாது. 2019 சட்டத் திருத்தத்தில் ஒருவருக்கு 3 துப்பாக்கி என்பது 2 ஆகிவிட்டது. மூன்றாவதை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள்.

மூன்று வைத்திருந்தவர் எதைக் கொடுத்திருப்பார்? கான்பூரைத்தான்!