பிள்ளைக்கு வாரக்கணக்கில் அசதியா? ‘முத்தக் காய்ச்சல்’ பற்றி அறிவோம்

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. ஒரு வாரம் மருந்து கொடுத்தும் எழ முடியாமல் படுத்தே கிடக்கிறான். ‘படிக்கச் சோம்பல்’ என்று நாம் திட்டத் தொடங்கும் முன், இன்ஃபெக்சியஸ் மோனோநியூக்ளியோசிஸ் என்ற நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964-ல் கண்டறியப்பட்டது. எச்சில் வழியே பரவுவதால் ஆங்கிலத்தில் ‘முத்த நோய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் வம்பு. அதை இணையத்தில் படித்துவிட்டு மகனையோ மகளையோ குற்றவாளிபோல் விசாரிக்கத் தேவையே இல்லை. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பது, நண்பனின் பாட்டிலில் வாய் வைப்பது, நாம் ருசி பார்த்த கரண்டியால் குழந்தைக்கு ஊட்டுவது, இவையே போதும். தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது நடக்காத காரியம். வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் உடலில் இந்த வைரஸ் இருக்கிறது. பலருக்குச் சிறுவயதிலேயே சாதாரணச் சளிக்காய்ச்சல்போல வந்து போயிருக்கும். வளரிளம் பருவத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் இப்படிப் படுத்தி எடுக்கிறது.

வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. டான்சிலில் வெள்ளைப் படலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைக் கொடுத்தால் பலருக்கு உடலெங்கும் சிவந்த தடிப்பு வந்துவிடுகிறது. ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்குக் கூடாது. ஓய்வு, நிறையத் தண்ணீர், கஞ்சி, மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் முதல் வாரத்தில் நோய் தெரியாமல் போகலாம். அறிகுறி தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

நாம் பயப்பட வேண்டிய இடம் மண்ணீரல். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வீங்குகிறது. அடிபட்டால் கிழிந்து உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் விட்டதும் கால்பந்துக்கும் கபடிக்கும் ஓடுகிற பையனைக் குறைந்தது மூன்று வாரமாவது, மருத்துவர் அனுமதிக்கும்வரை, பிடித்து வையுங்கள். இடது மேல்வயிற்றில் திடீர் வலி, மூச்சுத் திணறல், தண்ணீர்கூட இறங்காத நிலை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தொண்டை வலி இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அசதி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். பள்ளியிலும் சொல்லிவைப்பது நல்லது. சஹனில் சேர்ந்து சாப்பிடுகிற வீடுகளில், நோய் தணியும்வரை அந்தப் பிள்ளைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிடலாம். ஒதுக்கிவிட்டோம் என்று தோன்றாதபடி, பக்கத்திலேயே உட்கார வைத்து.