கடை திறந்தாயிற்று, வழி தெரிய வேண்டாமா?

பெங்களூரு – மைசூரு நெடுஞ்சாலையில் உள்ள சென்னபட்டணம், மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யப்படும் இப்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே பட்டறை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், நான் பணியாற்றிய கிளையில் சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்கடன் பெற்றார். கடைசல் இயந்திரத்துடன் இணையதளம் அமைக்கும் செலவும் அவரது திட்ட மதிப்பீட்டில் இருந்தது.

ஆறு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். தளம் அழகாகவே இருந்தது. ஆனால் அதன் வழியே வந்த ஆர்டர்கள் மூன்றுதாம். அவற்றுள் ஒன்று அவருடைய மைத்துனருடையது. “தேடலில் முதலிடம் பிடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் உறுதி சொல்கிறது, சார். அதற்குக் கூடுதல் கடன் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கோப்பைப் புரட்டினேன். தளம் அமைக்கும் செலவு இருந்தது. அத்தளத்துக்கு வாடிக்கையாளரை வரவழைக்கும் செலவுக்கு ஒரு வரிகூட இல்லை. அதைக் கேளாமல் பரிந்துரைத்தவன் நான்தான். ஆகவே அன்று அவருடன் அமர்ந்து பேசுவது என் கடமையாயிற்று.

முதலிடத்துக்கு உத்தரவாதம் இல்லை

தேடலில் முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் கூறியுள்ளது. எனவே அத்தகைய வாக்குறுதிக்குக் கடன் வாங்குவது வீண்.

செலவில்லாத வழிகள்

‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ பதிவுக்குக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வேலை நேரம் ஆகியவை எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பொருளை வாங்கி மகிழ்ந்தவரிடம் அங்கே கருத்து எழுதுமாறு கேட்பதில் தவறில்லை. காசு கொடுத்துப் பொய்க் கருத்து எழுதுவிப்பதுதான் தவறு.

அடுத்து, தளத்தின் சொற்கள். ‘உயர்தரக் கைவினைப் படைப்புகள்’ என்று எவரும் தேடுவதில்லை; ‘ஒரு வயதுக் குழந்தைக்கு மரப் பொம்மை’ என்றே தேடுகிறார்கள். என்ன மரம், என்ன வண்ணம், குழந்தை வாயில் வைத்தால் தீங்கு உண்டா, எத்தனை நாளில் வந்து சேரும் என்று கடைக்கு வருவோர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான விடைகளைத் தளத்தில் எழுதச் சொன்னேன்.

மூன்றாவதாக, பழைய வாடிக்கையாளர். பொம்மைப் பெட்டியின் மேல் தள முகவரியும் க்யூஆர் குறியீடும் அச்சிடலாம். சம்மதம் தந்தவர்களுக்கு மட்டும், பண்டிகைக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பலாம்.

நம்பிக்கையே முதல்

முகம் தெரியாதவரிடம் முன்பணம் அனுப்ப எவரும் தயங்குவர். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்ப்பு அலுவலர் ஆகிய விவரங்களைத் தளத்தில் காட்ட வேண்டும் என்கின்றன. இவற்றுடன் பொருளைத் திருப்பித் தரும் விதிமுறையையும் வெளிப்படையாக எழுதுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: யுபிஐ வழியே பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. ‘பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்’ என்பவர் வாடிக்கையாளர் அல்லர்.

கணக்குப் பார்த்துச் செலவிடுங்கள்

கட்டண விளம்பரம் கூடாது என்பதில்லை. 2,000 ரூபாய் விளம்பரத்துக்கு நான்கு ஆர்டர்கள் வந்தால், ஓர் ஆர்டருக்கு 500 ரூபாய் செலவு. அந்த ஆர்டரில் கிடைக்கும் இலாபம் 150 ரூபாய் எனில், விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகும். அதே வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வாங்குவார் எனில் கணக்கு மாறும். ஆகவே சிறு தொகையில் தொடங்கி, ‘எங்களை எப்படி அறிந்தீர்கள்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்து வையுங்கள்.

அவர் கூடுதல் கடனுக்கு விண்ணப்பிக்கவில்லை. ஆர்டர்கள் ஒரே நாளில் குவிந்துவிடவும் இல்லை, மெல்லத்தான் வந்தன. முதலில் பழைய வாடிக்கையாளர்கள், பிறகு அவர்கள் சொல்லி அறிந்தவர்கள். கடன் தவணை தவறவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு கடைசல் இயந்திரத்துக்காக அவர் வந்தபோது, வாடிக்கையாளரை வரவழைக்கும் செலவு மதிப்பீட்டில் தனி வரியாக இருந்தது. இப்போது எந்த மதிப்பீடு என் மேசைக்கு வந்தாலும் முதலில் நான் தேடுவது அந்த வரியைத்தான்.