இரண்டு இயங்குதளம் உள்ள கணினி திறக்கவில்லையா? ஃபார்மட் போடும் முன் இதைப் படியுங்க

விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள். சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து மடிக்கணினியில் வைத்திருக்கிறீர்கள். பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே ஒரு வரி. இல்லையென்றால், தினமும் வரும் 'விண்டோஸா, லினக்ஸா' என்ற தேர்வுப் பட்டியலே வராமல் நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது. லினக்ஸில் வைத்த கோப்புகள் எங்கே போச்சுன்னு தெரியலை.

தமிழ்நாட்டில் இது பலருக்கும் நேரக்கூடிய சிக்கல்தான். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகு, பழைய கணினியில் கூடவே ஒரு லினக்ஸையும் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

முதலில் ஒன்று: பயந்துடாதீங்க. திரை கறுப்பாக இருந்தால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருள் இல்லை. பெரும்பாலும் வழிகாட்டும் குறிப்பு மட்டும்தான் தொலைந்திருக்கும்.

பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்துகள் எல்லாம் நிற்கின்றன. எது முதலில் கிளம்ப வேண்டும் என்று சொல்லும் டைம் கீப்பரின் நோட்டு மட்டும் காணோம். கணினியைப் போட்டதும் முதலில் எழுவது தாய்ப்பலகையில் உள்ள சிறு மென்பொருள். பழைய கணினிகளில் அது பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. தன்னிடம் உள்ள வரிசைப் பட்டியலைப் பார்த்து, வட்டில் உள்ள ஒரு சின்னப் பகுதியிலிருந்து 'கிரப்' என்ற லினக்ஸ் தொடக்க நிரலையோ, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதையோ அது எழுப்பும். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தபோது, பயாஸ் அமைப்பைப் பழைய நிலைக்கு மாற்றியபோது, யாராவது வட்டுப் பகுதியில் கை வைத்தபோது இந்த வரிசை கலையும்.

கடைசி நாள் வேலை முதலில்

கணினி பிறகு சரியாகட்டும். அவசர விண்ணப்பம் இருந்தால் அதைப் போனில் முடிக்கப் பாருங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் எடுக்கலாம். இணையவழியில் வாங்கிய வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்களை, விண்ணப்பித்த அதே கணக்கில் போன் பிரவுசரிலேயே நுழைந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் பக்கத்து இ-சேவை மையம் இருக்கிறது. இந்த அவசரம் தலையில் இருக்கும்போது கணினியில் கை வைத்தால்தான் தப்பான பொத்தானை அழுத்தத் தோன்றும்.

அடுத்து, திரையில் வரும் பிழைச் செய்தியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் என்ன கோளாறு என்று பிரிக்க முடியும்.

அமைப்பை மாற்றும் முன் 48 இலக்கம்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீங்க. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு, நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்தினாலோ, தொடக்க வரிசையை மாற்றினாலோ, 'யாரோ தொட்டிருக்கிறார்கள்' என்று அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லை என்றால் விண்டோஸ் பக்கத்தில் உள்ள கோப்புகளை யாராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் முடியாது.

விண்டோஸில் நுழைய நீங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலேயே நுழையுங்கள். டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியின் கீழ் மீட்புச் சாவி இருக்கும். கணினிக் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு விண்டோஸை அமைத்துக் கொடுத்திருந்தால் சாவியும் அவர் கணக்கில்தான் இருக்கும். இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்.

நேராக விண்டோஸுக்குப் போனால்

இதுதான் எளிதான கோளாறு. லினக்ஸ் அப்படியே இருக்கிறது. வரிசையில் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. கணினியை அணைத்துவிட்டுப் போடும்போதே தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவோ, டெல் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. அஸூஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், எஃப்2 அழுத்தி உள்ளே போய் அந்த வசதியை இயக்க வேண்டியிருக்கும். பட்டியலில் உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸின் பெயர் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது திறந்துவிட்டால் பயாஸுக்குள் போய்த் தொடக்க வரிசையில் அதையே முதலில் வையுங்கள். வேலை முடிந்தது.

விசையைச் சரியான நொடியில் அழுத்த வரலையா? விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுக்கும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நீலத் திரை வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் அதே பட்டியல் இருக்கும்.

விண்டோஸ் பெயர் காணாமல் போனால்

தேர்வுப் பட்டியல் வருகிறது, லினக்ஸ் மட்டும் இருக்கிறது. விண்டோஸ் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை பாதுகாப்புக் காரணமாகத் தானாக நடப்பதில்லை. லினக்ஸைத் திறந்து, இடிசி கோப்புறையில் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பை நிர்வாகி உரிமையோடு திறங்கள். 'கிரப் டிசேபிள் ஓஎஸ் புரோபர்' என்ற வரி இருக்கும். பெரிய ஆங்கில எழுத்துகள், இடையில் அடிக்கோடு. அதன் முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்துவிட்டு மதிப்பை 'ஃபால்ஸ்' என்று வையுங்கள். வரியே இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம். பிறகு டெர்மினலில் 'சூடோ அப்டேட்-கிரப்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுத்தால், விண்டோஸைக் கண்டுபிடித்ததாக ஒரு வரி வரும்.

'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிட்டால்

இடம் போதவில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயர் இல்லாத ஒரு பகுதியை அழித்திருப்பீர்கள், அல்லது வீட்டில் தம்பியோ தங்கையோ அழித்திருப்பார்கள். விண்டோஸுக்கு லினக்ஸ் பகுதி புரியாது என்பதால் அது வெற்று இடம் மாதிரி தெரியும். கிரப்பின் பாதிப் பகுதி அங்கேதான் இருந்தது.

அழித்த பகுதியில் தேவையான கோப்புகள் இருந்தால் கணினியில் புதிதாக எதையும் எழுதாதீங்க. மேலே வேறு எதுவும் பதியாத வரை டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருளால் அந்தப் பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. அதற்குள் புதிதாக விண்டோஸ் போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

புதிய யுஇஎஃப்ஐ கணினி என்றால் மேலே சொன்ன தொடக்கப் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாலே விண்டோஸ் திறந்துவிடும். பழைய பயாஸ் கணினிக்கு விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் வேண்டும். அதில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகக் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய் 'பூட்ரெக்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று கொடுங்கள். 'இன்ஸ்டால் நவ்' பக்கம் போகாதீங்க.

லினக்ஸ் பகுதி அழியாமல் கிரப் மட்டும் கெட்டிருந்தால் லினக்ஸ் மின்ட் பென்டிரைவ் போதும். வேறு கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆண்ட்ராய்டு போன், ஓடிஜி இணைப்பி, 8 ஜிபி பென்டிரைவ் இருந்தால், மின்ட் கோப்பைப் போனில் இறக்கி 'எட்ச்டிராய்டு' செயலியால் பென்டிரைவில் ஏற்றலாம். கோப்பு சுமார் 3 ஜிபி வரும் என்பதால் வைஃபையில் இறக்குவது நல்லது. பென்டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும். அந்தப் பென்டிரைவில் கணினியைத் திறந்தால், எதையும் நிறுவாமலே மின்ட் ஓடும். முதல் வேலையாக உங்கள் கோப்புறைகளைத் திறந்து, தேவையானவற்றை இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மெனுவில் 'பூட் ரிப்பேர்' என்பதைத் திறந்து 'ரெகமண்டெட் ரிப்பேர்' பொத்தானை அழுத்துங்கள். மற்ற விருப்பங்களை விட்டுவிடலாம்.

இன்னொரு செய்தியும் சிலர் பார்த்திருப்பீர்கள்: 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்'. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களைச் செல்லாது என்று தள்ளியதால் வந்தது இது. இரட்டை இயங்குதளக் கணினிகளைப் பாதிக்காது என்று சொல்லப்பட்ட அப்டேட்தான், ஆனாலும் பாதித்தது. 48 இலக்கச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போட்டுவிட்டு மறுபடி இயக்குங்கள்.

பயாஸில் வட்டின் பெயரே தெரியவில்லை, அல்லது வட்டிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வருகிறது என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அது வன்பொருள் கோளாறு. கணினியைத் திரும்பத் திரும்பப் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.

கடையில் 'ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்' என்பார்கள். அவர்களுக்கு அது அரை மணி நேர வேலை. 'முதல்ல கோப்பை நகல் எடுத்துக் காட்டுங்க அண்ணா, அப்புறம் பேசலாம்'னு சொல்லுங்க. நகலைத் திறந்து பார்த்த பிறகு சம்மதித்தால் போதும். போனில் தேடும்போது வரும் 'உதவி எண்' எதையும் நம்பி அழைக்காதீங்க. திரைப் பகிர்வுச் செயலியைப் போடச் சொல்லிப் பணத்தை எடுப்பவர்கள் அந்த வழியாகவும் வருகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

எல்லாம் சரியான பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், அது புதிய கோளாறு இல்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கணினியில் எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று படித்துவிடுகிறது. லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒருமுறை கொடுத்தால் இரண்டும் ஒரே நேரம் காட்டும்.