கூந்தல் பேணுதல்

உடலில் புண் ஏற்பட்டால் சில நாள்களில் ஆறிவிடுகிறது; முறிந்த எலும்பும் ஒன்று கூடுகிறது. ஆனால், தலைமயிருக்கு நேர்ந்த பழுது தானே சீராவதில்லை. இதற்குக் காரணம் என்ன? மயிரின் வேர்ப்பகுதி மட்டுமே உயிருள்ளது. தோலுக்கு வெளியே நாம் காணும் பகுதி உயிரற்ற இழையே ஆகும். அதனைக் கத்தரிக்கும்போது வலி தோன்றாமையே இதற்குச் சான்று.

தலைமயிர் திங்களுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே, 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி 5 ஆண்டுகளுக்கு முன் முளைத்ததாகும். அத்தனை ஆண்டு வெயிலையும் புழுதியையும் சீப்பின் உராய்வையும் அது தாங்கி வந்துள்ளது. கெட்டபின் வருந்துவதைவிடக் கெடாமல் காப்பதே நன்று.

மயிரிழை கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் கூரை ஓடுகளைப்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவை நன்கு படிந்திருந்தால் கூந்தல் வழவழப்பாக விளங்கும். அவை எழும்பி நின்றால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், பளபளப்புக் குன்றும், இழையும் முறியும்.

நம் இல்லங்களில் வழங்கிவரும் எண்ணெய் முழுக்கு இதற்குத் தக்க காப்பாகும். மயிர் நீரில் நனைந்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். பலகால் இவ்வாறு நிகழ்வதால் இழை தளர்கிறது. தேங்காய் எண்ணெய் இழையினுள் புகுந்து, நீர் மிகுதியாக உட்செல்லாதவாறு தடுக்கிறது. 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. அவற்றுள் தேங்காய் எண்ணெயே மயிரின் புரத இழப்பை நன்கு குறைத்தது.

சவர்க்காரம் காரத்தன்மை உடையது; அது செதில்களை எழுப்பிவிடும். சீயக்காய் நுரைத்து அழுக்கை நீக்கும். ஆயினும் அதற்கு அக்காரத்தன்மை இல்லை. தேய்க்கும்போது கண்ணில் படாமல் காத்துக்கொள்ளல் வேண்டும். செம்பருத்தி இலையும், இரவில் ஊறவைத்து அரைத்த வெந்தயமும் வழவழப்பான சாறு உடையவை. அவற்றைக் கூந்தலில் பூசி, அரைமணி நேரம் கழித்து அலசினால் இழைகளின் உராய்வு குறையும். சிக்கு எளிதில் நீங்கும்.

ஈர மயிர் எளிதில் அறும். ஆதலால், துணியால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி உலர்த்துதல் வேண்டும். பின்பு அகன்ற பற்களுடைய சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும். பொடுகு உடையோர் தலைத்தோலில் எண்ணெயை நெடுநேரம் ஊறவைத்தல் கூடாது. அது பொடுகை மிகுவிக்கும்.

இம்முறைகள் எல்லாம் இழையைக் காக்குமேயன்றிப் புதிய மயிரை முளைப்பிக்கமாட்டா. நாள்தோறும் 50 முதல் 100 மயிர் வரை உதிர்தல் இயல்பே. அதற்காக அஞ்சி, விளம்பரங்களை நம்பிப் பொருளை இழத்தல் வேண்டா. கொத்துக்கொத்தாக உதிருமாயின் மருத்துவரை நாடுக. பருப்பும் கீரையும் முட்டையும் போன்ற நல்லுணவே வேருக்கு வலிமை தரும். வேருக்கு வேண்டுவது உணவு. இழைக்கு வேண்டுவது காப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்து ஒழுகுவோர் கூந்தலை நன்கு பேணுவர்.